குடும்பத்தோடு சுரங்கத்துக்குள் இறங்கலாமா?

கேள்வி: நாங்கள் தேவகோட்டையில் இருக்கிறோம். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் கோலாலம்பூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். என் பாட்டையா அந்தக் காலத்தில் ஈப்போ பக்கம் கொண்டு விற்கப் போய் வட்டிக்கடை வைத்திருந்தவர். ஈயம் (வெள்ளீயம், tin) எடுக்கிறவர்களுக்குக் கடன் கொடுத்த கணக்கு வீட்டுப் பழைய ஏடுகளில் இருக்கிறது. அதனால் கல்யாணம் முடிந்த கையோடு பஹாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங் ஈயச் சுரங்கத்துக்குள் எல்லோரையும் கூட்டிப்போக ஆசை. அப்பச்சிக்கு 72 வயது, போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆத்தாவுக்கு மூட்டுவலி. மகளுக்கு 14, மகனுக்கு 7. மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். மனைவிக்கு மூடிய இடம் என்றாலே ஆகாது. உத்தரகாண்டில் சுரங்கப்பாதை இடிந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டவே வேண்டாம் என்கிறார். போகலாமா? அல்லது பக்கத்தில் கோலார் மாதிரி எதையாவது காட்டினால் போதுமா?

பதில்: போகலாம். ஆனால் டிசம்பரில் சுங்கை லெம்பிங் வேண்டாம். எந்தச் சுரங்கமானாலும் ஆறு பேரும் ஒன்றாக உள்ளே போகவும் வேண்டாம். நிலக்கரிச் சுரங்கங்களில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பார்ப்போம்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. நமக்குத் தீபாவளியை ஒட்டிக் கொட்டுகிற அதே காற்றுதான், அங்கே தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. சுங்கை லெம்பிங் குவாந்தானிலிருந்து உள்ளே, ஆற்றை ஒட்டிய மலையடிவார ஊர். டிசம்பரில் அந்தப் பக்கத்து ஆறுகள் கரை புரள்வது புதிதல்ல. குகைக்குள் நீங்கள் நனையாமல் இருக்கலாம். திரும்பி வரும் சாலை தண்ணீரில் போய்விட்டால் குழந்தைகளோடு எங்கே தங்குவீர்கள்? மே மாதக் கோடை விடுமுறையில் போவதாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்று. உங்கள் பாட்டையாவின் கதை சுங்கை லெம்பிங்கில் நடந்திருக்க வாய்ப்பு குறைவு. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் பெரும்பாலும் பாறைக்குள் இல்லை. ஆறு அடித்துக்கொண்டு வந்த மணலிலும் களிமண்ணிலும் கலந்து கிடந்தது. அதனால் அங்கே ஆழக் குழி தோண்டி இறங்கியதைவிட, மண்ணை மேலிருந்தே கரைத்து எடுத்ததுதான் அதிகம். பீரங்கி மாதிரியான குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைப் பம்பு வைத்து மேலே இழுத்து, நீளமான மரச்சரிவில் ஓட விடுவார்கள். கனமான ஈயத்தாது அடியில் தங்கும், மணல் ஓடிவிடும். இப்படி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சீன முதலாளிகள். சிறு முதலாளிக்குப் பம்பு வாங்கவும் கூலி கொடுக்கவும் கைமுதல் வேண்டும், அதைக் கொடுத்தவர்களில் நம் ஊரிலிருந்து போய்க் கிட்டங்கி என்கிற வட்டிக்கடை வைத்தவர்களும் உண்டு. சுங்கை லெம்பிங் வேறு ரகம். அது 1906-ல் தொடங்கிய பஹாங் கன்சாலிடேட்டட் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் சுரங்கம். மலைக்குள் பாறையைக் குடைந்து, 600 மீட்டருக்கும் கீழே போய், மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல் குகைவழி போட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி நம் வட்டிக்கடைக்கு வந்து நின்றிருக்காது. ஈயத்தை வாங்கி விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேச ஈயக் கவுன்சில் 1985 அக்டோபரில் பணமில்லாமல் கைவிரிக்க, ஈய விலை விழுந்தது. கிந்தாவும் படுத்தது, லெம்பிங்கும் அதையொட்டி மூடப்பட்டது.

ஆகவே இந்த டிசம்பருக்கு ஈப்போ பக்கம் போங்கள். நடுவில் நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் கிழக்கு மழையைப் பெருமளவு மறிப்பதால் மேற்குக் கரையில் அதன் வேகம் குறைவு. மாலை நேரத்து இடிமழை வரும், அதனால் காலையிலேயே பார்த்து முடித்துவிட வேண்டும். கம்பாரில் கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. நான் மேலே சொன்ன தண்ணீர்ப் பீய்ச்சல் முறையை அங்கே முழுசாகப் பார்க்கலாம், படியேறும் வேலையும் பெரிதாக இல்லை. அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஏற்ற இடம் அதுதான். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டிய ஐந்தாம் எண் தூர்வாரிக் கப்பல் நிற்கிறது. தானே வெட்டிய குளத்தில் மிதந்துகொண்டே மண்ணை வாளி வாளியாக அள்ளி ஈயத்தைப் பிரித்த இயந்திரம், எடை 4,500 டன். உள்ளே ஏற விடுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். விடாவிட்டாலும் கரையில் நின்று பார்த்தாலே உங்கள் மகன் வாயைப் பிளப்பான்.

பூமிக்குள் போன அனுபவமும் வேண்டும் என்றால் கோப்பெங் அருகே குவா தெம்புருங் குகை இருக்கிறது. இயற்கையான சுண்ணாம்புக் குகை, அதற்குள்ளேயும் ஒரு காலத்தில் ஈயம் எடுத்திருக்கிறார்கள். விளக்கும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். சுற்றுலாவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்பதால் முதல் கட்டத்தோடு திரும்பிவிடலாம். ஆற்றுத் தண்ணீரில் தவழ்ந்து போகிற கட்டமும் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள், மகள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

சரி, மே மாதத்தில் லெம்பிங் போகிறீர்கள் அல்லது வேறொரு நாட்டில் வேறொரு சுரங்கம் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுக்கும் முன் எல்லோரும் கேட்பது எத்தனை மீட்டர் ஆழம் என்று. நான் அதைக் கேட்பதே இல்லை. எப்படி மேலே வருவோம், அந்த வழி அடைபட்டால் வேறு எந்த வழி என்றுதான் கேட்பேன்.

சுரங்கத்துக்குள் போக மூன்று வழிகள்தான். மலைச்சரிவில் பக்கவாட்டாகக் குடைந்த சமதளக் குகைவழி ஒன்று. சாய்வாக இறங்கும் பாதை இன்னொன்று. செங்குத்தாக இறங்கும் குழி மூன்றாவது, அதில் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில்தான் இறங்குவார்கள். சுங்கை லெம்பிங்கில் பயணிகளுக்குத் திறந்திருப்பது முதல் வகை. சின்ன ரயிலில் உட்கார்ந்து மலைக்குள் போய்க் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வருகிறீர்கள். 600 மீட்டர் என்று படித்துப் பயப்பட வேண்டாம், அவ்வளவு ஆழத்துக்கு யாரையும் இறக்குவதில்லை. ஏதாவது ஆனால் வந்த வழியே நடந்து வெளியேறலாம். குடும்பத்துக்கு இதுதான் சரி.

போலந்தில் வியெலிச்கா என்ற உப்புச் சுரங்கம் 1978-லேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பார்க்கிறவர்கள் தொடக்கத்திலேயே சுமார் 380 படி இறங்க வேண்டும், சுற்றி முடிப்பதற்குள் மொத்தம் 800 ஆகிவிடும். மேலே வருவதற்கு லிஃப்ட் உண்டு. இறங்குவது சுலபம்தானே என்று தோன்றும், ஆனால் முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. ஆத்தாவை அங்கே கூட்டிப்போனால் 135 மீட்டர் ஆழத்துக்குப் போவதற்குள் ஊர் திரும்பலாம் என்பார்.

கூண்டு லிஃப்ட் உள்ள இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். 1862-ல் இங்கிலாந்தின் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் பம்பு இயந்திரத்தின் இரும்பு உத்தரம் முறிந்து ஒரே குழிக்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் 204 பேர் உள்ளேயே இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வெளிவழி கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது, நம் நாட்டு விதியும் அதைத்தான் சொல்கிறது. பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில், கிரிப்பிள் கிரீக் என்ற ஊரில், சுற்றுலாவுக்காக நடத்திவந்த பழைய தங்கச் சுரங்கத்தில் லிஃப்டில் நடந்த விபத்தில் வழிகாட்டி ஒருவர் இறந்தார். 12 பேர் சுமார் 1,000 அடி ஆழத்தில் பல மணி நேரம் காத்திருந்தார்கள். லிஃப்டைச் சரிபார்த்த பிறகு அதே லிஃப்டில்தான் மேலே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு மூச்சு முட்டவில்லை, கூரையும் இடியவில்லை. இதயநோயாளி ஒருவரோ ஏழு வயதுப் பையனோ அந்தக் கூட்டத்தில் இருந்து, மாத்திரையும் பஃப் மருந்தும் மேலே லாக்கரில் இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை.

இனி உங்கள் மனைவியின் பயம். அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். உத்தரகாண்டின் சில்க்யாராவில் 2023 நவம்பரில் 41 தொழிலாளர்கள் 17 நாள் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் அது கட்டிக்கொண்டிருந்த சாலைச் சுரங்கப்பாதை. நொறுங்கிய இமயமலைப் பாறை, இன்னும் வேலை முடியாத பாதை, உள்ளே ஆட்கள் இருக்க நடுவில் சரிந்தது. பயணிகளுக்குத் திறந்துவிடும் பழைய சுரங்கம் பல பத்தாண்டு நின்று இறுகிய பாறையில் இருக்கிறது. வெடி வைப்பதில்லை, புதிதாக வெட்டுவதும் இல்லை. சுற்றுலாப் பாதையில் உள்ள கூரையைத் தட்டிப் பார்த்து, தளர்ந்த கல்லை உதிர்த்து, தேவையான இடத்தில் போல்ட் அடித்து வலை கட்டியிருப்பார்கள். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018-ல் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது மழை வெள்ளத்தால். மழைக்காலத்தில் குகை வேண்டாம் என்று நான் மறுபடி மறுபடி சொல்வது அதை நினைத்துத்தான்.

இப்படி விளக்கிச் சொன்னால் அறிவுக்குப் புரியும், நெஞ்சுக்குப் புரியுமா என்பது வேறு. மூடிய இடத்துப் பயம் உள்ளவர்கள் உள்ளே போய்ப் பாதி வழியில் படபடத்தால், கூட்டத்தையே திருப்பிக் கொண்டுவர வேண்டும். குழந்தைகளும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கும். புறப்படும் முன் பிள்ளையார்பட்டிக்கு ஒரு சதுர்த்தி அன்று போய்ப் பாருங்கள். பாறையைக் குடைந்த சன்னதி, நெரிசல், புழுக்கம். அங்கே பத்து நிமிடம் நிம்மதியாக நிற்க முடிந்தால் அகலமான சமதளச் சுரங்கத்தில் அவருக்குக் கஷ்டம் இருக்காது. முடியாவிட்டால் அவர் வெளியே இருக்கட்டும். ஆத்தாவுக்குத் துணைக்கு யாராவது இருந்துதானே ஆக வேண்டும்? யாரும் மனத்தாங்கல் படாமல் பிரித்துவிட அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அப்பச்சி விஷயத்தில் முடிவு உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் சுரங்கம் போகலாமா என்று மட்டும் கேட்டால் அவர் என்ன நினைத்துக்கொண்டு பதில் சொல்வார் என்று தெரியாது. எத்தனை படி, எத்தனை நேரம் நடை, ஈரமும் புழுக்கமும் இருக்கும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள். டாக்டர் சரி என்ற பிறகு வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். குன்றக்குடி மலைப்படியை நிறுத்தி நிறுத்தி ஏறியாவது மூச்சு வாங்காமல், நெஞ்சு கனக்காமல் சாமி கும்பிட்டு வருகிறாரா? வந்தால் லெம்பிங் ரயிலும் சின்ன நடையும் அவருக்குப் பெரிதில்லை. அந்த வயதில் மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனால் ஆண்கள் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். இருந்தாலும் படி என்று வந்தால் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மகனுக்கு வீசிங் என்கிறீர்கள். பயணிகள் சுரங்கத்தில் வெடிப்புகை, துளையிடும் தூசி எதுவும் கிடையாது. பாறை ஈரமாகத்தான் இருக்கும். வெயிலிலிருந்து சட்டென்று குளிருக்குள் போனால் சில பிள்ளைகளுக்கு இழுக்கும். குளிர்நாட்டுச் சுரங்கத்தில்தான் இது அதிகம். ஆழம் குறைந்த இடத்தில் பாறையின் சூடு அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். மலேசியாவில் அது இதமாக இருக்கும், ஐரோப்பாவில் ஸ்வெட்டர் வேண்டும். பஃப் மருந்து உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், பையில் போட்டு லாக்கரில் வைக்காதீர்கள். இருட்டுக்குப் பயப்படுவானா என்பதையும் முன்பே பாருங்கள். உங்கள் பழைய வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்றாவது இருக்கும், கையில் டார்ச் கொடுத்துக் கொஞ்ச நேரம் அவனோடு உட்கார்ந்து, அப்புறம் டார்ச்சையும் அணைத்துப் பாருங்கள். பல சுரங்கங்களில் வழிகாட்டி ஒரு நிமிடம் எல்லா விளக்கையும் அணைத்துக் காட்டுவார். அது இரவு இருட்டு மாதிரி இருக்காது, முகத்துக்கு முன்னால் உள்ள கையே தெரியாது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் குழந்தைக்கு அது விளையாட்டு, சொல்லாமல் நடந்தால் அலறல்.

மகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 14 வயதுக்குச் சுரங்கம்தான் பிடிக்கும். ஓரமாகத் தொங்கும் சங்கிலியைத் தாண்டிப் பழைய குகைவழிக்குள் எட்டிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். ஆள் நடமாட்டமும் காற்றோட்டமும் இல்லாத கிளைவழியில் ஆக்சிஜன் குறைந்து கிடக்கும், மூக்குக்கு எதுவும் தெரியாது. நிலக்கரிச் சுரங்கமானால் மீத்தேனும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சங்கிலி சும்மா போட்டதில்லை.

கோலாருக்கு வருவோம். வேண்டாம். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டன. அவற்றில் சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரியைத் தாண்டிச் சுடும், காற்றைக் குளிர்வித்து அனுப்பித்தான் ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். பம்பு நின்றதும் தண்ணீர் நிரம்பிவிட்டது. மேலே சயனைடு கழிவு மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. யாராவது உள்ளே கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள். ஊரைப் பாருங்கள், அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்களின் தெருக்களைப் பாருங்கள், அதோடு போதும். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். நம் சிவகங்கைப் பக்கம் தமிழக அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் எடுப்பதும் மேலிருந்து வெட்டித்தான். இரண்டும் பார்க்க வேண்டியவை, ஆனால் பூமிக்குள் இறங்கிய அனுபவம் அதில் இல்லை. நாக்பூர் அருகே சாவ்னேரில் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் மகாராஷ்டிரச் சுற்றுலாக் கழகத்தோடு சேர்ந்து 2016-ல் நிலக்கரிச் சுரங்கச் சுற்றுலா தொடங்கியது. வேலை நடக்கும் சுரங்கம் என்றால் வயதுக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே 18 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் கெடுபிடியாக இருந்தது. அதனால் பிள்ளைகளை விடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம். அங்கே தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் வாசலில் வாங்கிக்கொள்வார்கள், போட்டோ எடுக்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

துணிமணிக்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. அடிப்பகுதி சொரசொரப்பான, விரல் மூடிய ஷூ எல்லோருக்கும் வேண்டும். பயணிகள் சுரங்கத்தில் நடக்கும் விபத்தில் முக்கால்வாசி வழுக்கி விழுவதும் தலையை இடித்துக்கொள்வதும்தான் என்பது என் கணிப்பு. ஹெல்மெட் கொடுத்தால் பையனுக்கு நாடாவைச் சின்னதாக்கி இறுக்கிக் கட்டுங்கள், தொளதொளவென்று இருந்தால் கண்ணை மறைக்கும். பெண்கள் சேலைக்குப் பதில் சுடிதார் போட்டுக்கொள்வது நல்லது. சின்ன ரயிலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் முந்தானை தொங்கக் கூடாது. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று வாசலில் எண்ணுவார்கள் அல்லது டோக்கன் கொடுப்பார்கள். வெளியே வந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். ஒரு டோக்கன் குறைந்தால் உங்களைத் தேடி ஆள் உள்ளே போவான்.

கல்யாண வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் சீப்புச் சீடையையும் கைமுறுக்கையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். சிந்தினால் எலி வரும், எந்தச் சுரங்கத்திலும் விட மாட்டார்கள். ஆத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கையில் இருக்கட்டும். உள்ளே கழிப்பறை இருக்காது என்பதால் பையனை ரயில் ஏறும் முன்பே அழைத்துப்போய்விட்டு வாருங்கள்.